ட்ரைபொட்டும் நடைக்கோலும் சேர்ந்தால்: மலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறையாவது ஹோர்ட்டன் சமவெளிக்கோ, நக்கிள்ஸ் பக்கமோ, மன்னாருக்கோ பறவை பார்க்கப் போகிறவன் நான். கையில் இரண்டு ட்ரெக்கிங் போல், முதுகில் ஒரு சின்ன ட்ரைபொட். கூட வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஓர் இடத்தில் எழுதி வைத்தால் எல்லாருக்கும் உதவும் என்று தோன்றியது. ட்ரெக்கிங் போலை இனி நடைக்கோல் என்றே எழுதுகிறேன்.

ட்ரைபொட் இருக்கும்போது நடைக்கோல் எதற்கு? நடைக்கோல் இருந்தால் ட்ரைபொட் எதற்கு?

இரண்டும் செய்வது வேறு வேறு வேலை. நடைக்கோல் உங்கள் முழங்காலுக்கானது. ட்ரைபொட் கண்ணுக்கும் லென்ஸுக்குமானது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைத்துத்தான் பலர் மலையில் கஷ்டப்படுகிறார்கள்: பெரிய ட்ரைபொட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கத்தில் கால் நடுங்கி நிற்பார்கள், இல்லாவிட்டால் நடைக்கோலை மட்டும் நம்பி வந்து 600 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு படம்கூடத் தெளிவாக இல்லாமல் திரும்புவார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். எப்படியும் இரண்டு நடைக்கோல் கையில் வரப்போகிறது, அதனால் ட்ரைபொட்டைச் சின்னதாக, இலேசானதாக எடுக்கலாம். சின்ன ட்ரைபொட்டில் குறைகிற உறுதியை நின்ற இடத்தில் நடைக்கோல் ஈடுசெய்யும். லென்ஸின் முன்பாரத்தை ட்ரைபொட் தாங்கட்டும், கமராவின் பின்பக்கத்தையோ உங்கள் முழங்கையையோ நடைக்கோல் தாங்கட்டும். மற்றக் கேள்விகளில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான் வருகின்றன.

இந்த யோசனை உங்களுடையதா?

இல்லை, வேட்டைக்காரர்களுடையது. கனடாவில் அல்பேர்ட்டாவில் இருக்கிற என் மச்சான் உரிமம் எடுத்து, பயிற்சிச் சான்று வாங்கி, இலையுதிர் காலத்தில் மியூல் மான் வேட்டைக்குப் போகிறவர். வாகனம் போகாத மலைக்குள் இரண்டு மூன்று நாள் நடந்தே போவதால் முதுகில் ஏறுகிற ஒவ்வொரு நூறு கிராமையும் கணக்குப் பார்ப்பார். அவர் செய்கிற வேலை இது: துப்பாக்கியின் முன்பகுதியை ட்ரைபொட்டில் வைக்கிறார், இரண்டு நடைக்கோலையும் குறுக்காகக் கட்டி அதன் கவட்டில் துப்பாக்கியின் அடிக்கட்டையையோ தன் வலது முழங்கையையோ சாய்க்கிறார். முன்பக்கம் மட்டும் தாங்கினால் பின்பக்கம் மூச்சோடு ஏறி இறங்கும். பின்னாலும் ஒரு தாங்கல் கிடைத்தால் அந்த ஆட்டம் பெரிய அளவில் அடங்கிவிடும். குறி பிசகி மிருகம் காயத்தோடு ஓடக்கூடாது என்பதுதான் அவருக்கு இதில் முதல் கவலை.

வீடியோ அழைப்பில் அவர் இதைக் காட்டியபோது எனக்கு நினைவுக்கு வந்தது என்னுடைய நீள லென்ஸ்தான். 150-600 லென்ஸ் ஒன்றுக்கே ஏறத்தாழ 2 கிலோ எடை, அதற்குப் பின்னால் கமரா தொங்குகிறது. துப்பாக்கிக்கு இருக்கிற அதே பிரச்சினை இதற்கும் உண்டு, அதே தீர்வும் பொருந்துகிறது.

இலங்கையில் இதை வேட்டைக்குப் பயன்படுத்தலாமா?

தயவுசெய்து வேண்டாம். விலங்கினங்களையும் தாவரங்களையும் பாதுகாக்கும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் வேட்டைக்கு இடமே இல்லை. மரையும் சிறுத்தையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள்.

இது வெறும் சட்ட விஷயம் மட்டுமில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளில் நடந்த வேட்டையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற ஒரே ஆள் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. இன்றைக்கு ஹோர்ட்டன் சமவெளியில் யானை கிடையாது. நாம் டிக்கெட் எடுத்து உள்ளே போய் இறங்குகிற ஃபார் இன் கட்டடம்கூட அந்தக் காலத்தில் வேட்டைக்காரர் தங்கிய விடுதிதான், இப்போது பார்வையாளர் நிலையம். அந்த வாசலில் நின்று மரைக்கூட்டம் புல் மேய்வதைப் பார்க்கும்போதெல்லாம் இவையாவது மிஞ்சினவே என்று மனம் நிறையும்.

சரி, எப்படிச் சேர்ப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

விலை கூடிய இணைப்பிகள் வெளிநாட்டில் விற்கிறார்கள். எனக்குப் பழைய சைக்கிள் டியூப்தான். அதை மூன்று நான்கு சென்ரிமீட்டர் அகல வளையங்களாக வெட்டி ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வளையத்தை முதல் கோலில் மாட்டி, ஒரு முறுக்கு முறுக்கி, மற்றக் கோலில் மாட்டுங்கள். எட்டு வடிவத்தில் இறுகும். கைபிடி நுனியிலிருந்து ஒரு சாண் கீழே இந்த முடிச்சு வரவேண்டும். இப்போது கோல்களின் அடியை விரித்தால் மேலே ஒரு கவட்டை கிடைக்கும், ஊரில் தென்னை சாய்ந்தால் முட்டுக் கொடுப்போமே, அந்த மாதிரி. தனி ரப்பர் பட்டியைவிட டியூப் நல்லது, ஈரத்திலும் வழுக்காது, அறுந்தாலும் அடுத்த வளையம் இருக்கிறது.

அடுத்தது ட்ரைபொட். கால்களை முழுக்க நீட்ட வேண்டாம், உட்கார்ந்து அல்லது முழங்கால் போட்டுப் பார்க்கிற உயரத்துக்கு வையுங்கள். ஒரு கால் லென்ஸ் நீளும் திசைக்கு நேராக, லென்ஸுக்கு அடியில் வரட்டும், அப்போதுதான் முன்பாரத்துக்கு அது முட்டாக நிற்கும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். நடுத்தண்டு உயர்ந்த ட்ரைபொட் என்பது மூன்று காலுக்கு மேல் ஒற்றைக் கம்பி நட்ட மாதிரிதான், காற்றில் அந்தக் கம்பிதான் முதலில் ஆடும்.

லென்ஸைச் சுற்றியிருக்கிற வளையத்தின் (காலர்) அடியை ட்ரைபொட் தலையில் பூட்டிய பிறகு நடைக்கோல் கவட்டையை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். இங்கே இரண்டு வழி உண்டு, பார்க்கிற பொருளைப் பொறுத்துத் தெரிவுசெய்யுங்கள். பறவை அசையாமல் இருக்கிறது, வெளிச்சம் குறைவு என்றால் கவட்டையைக் கமராவின் அடியிலேயே கொடுத்து, கோல்களின் அடியை உள்ளே வெளியே நகர்த்தி உயரத்தைச் சரிப்படுத்துங்கள். பறவை கிளைக்குக் கிளை தாவுகிறது என்றால் கமராவைச் சும்மா விடுங்கள், கவட்டையை வலது முழங்கைக்குக் கீழே வையுங்கள். லென்ஸ் சுதந்திரமாகத் திரும்பும், கை மட்டும் களைக்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் பாதையோரத்தில் அரெங்கா குளம் என்று ஒன்று இருக்கிறது. அரெங்கா என்பது இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவிக்கு முன்பு இருந்த விஞ்ஞானப் பெயர். நம் நாட்டில் மட்டுமே வாழ்கிற பறவை, அதுவும் மலைக்காட்டு நீரோடைப் பக்கம் விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும்தான் வெளியே வரும். அந்த நேரத்தில் வெளிச்சமே இருக்காது. 600 மில்லிமீட்டரில் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் 1/600 வினாடி அளவிலாவது வேண்டும் என்பது பழைய கணக்கு, அந்த இருட்டில் அது நடக்காத காரியம். போன பெப்ரவரியில் முன்னுக்கு ட்ரைபொட், பின்னுக்கு நடைக்கோல் என்று வைத்துக்கொண்டு 1/60இல் எடுத்தேன். ஆண் பறவையின் தோளில் அந்த நீலத் திட்டு தெளிவாக விழுந்திருந்தது. அதற்கு முன் மூன்று தடவை போய் வெறும் கறுப்பு நிழலோடு திரும்பியிருந்தேன், அதனால் அந்தப் படத்தைக் கமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மூன்று நடைக்கோலைக் கட்டியே ட்ரைபொட் செய்யலாமே? எடை இன்னும் குறையுமே?

செய்யலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நடைக்கோல் 130 சென்ரிமீட்டர் வரை நீளும். மூன்றையும் விரித்து நிறுத்தினால் உச்சி 115, 120க்குள் வந்துவிடும். 165 சென்ரிமீட்டர் உயரமான ஒருவருக்குக் கண் 150க்கு மேலே இருக்கிறது, ஆகவே நின்று பார்க்க முடியாது. அதோடு கோலின் பூட்டுகள் நேர் பாரத்துக்குச் செய்யப்பட்டவை, பக்கவாட்டுப் பாரத்துக்கு இல்லை. கைப்பேசி, சின்னக் கமரா, பைனாகுலர் என்றால் சரி. நீள லென்ஸும் கமராவும் சேர்ந்த 3 கிலோவுக்கு நான் நம்பமாட்டேன்.

இரண்டே கோல் என்றால் அது முக்காலி இல்லை, இருகாலி. இடம் வலமாக ஆடாது, முன்னும் பின்னும் ஆடும். மூன்றாவது கால் உங்கள் உடம்புதான். மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் அதுவே போதும் என்கிற அளவுக்கு நல்ல தாங்கல்.

என்னிடம் பைனாகுலர் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு இதில் ஏதாவது உண்டா?

உங்களுக்குத்தான் நிறைய உண்டு! 8 மடங்கு பைனாகுலரைக் கையில் பிடிக்கலாம், 10 மடங்கில் ஆட்டம் தெரிய ஆரம்பிக்கும், 12க்கு மேல் போனால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். நடைக்கோல் ஒன்றை முன்னால் ஊன்றி, கைபிடியின் உச்சியில் பைனாகுலரை வைத்து இரண்டு கையாலும் சேர்த்துப் பிடியுங்கள். உட்கார்ந்தபடி செய்வது இன்னும் நல்லது. ஒரே நிமிடத்தில் வித்தியாசம் தெரியும்.

வேட்டைக்காரர்களிடம் நான் கற்ற இன்னொன்று இந்த இடத்தில் முக்கியம். அவர்கள் நடந்து தேடுவதைவிட உட்கார்ந்து தேடுவது அதிகம். அமெரிக்காவின் அரிசோனாவில் சின்ன உடம்புள்ள கூஸ் மானைத் தேடுகிறவர்கள் 15 மடங்கு பைனாகுலரை ட்ரைபொட்டில் பூட்டி, எதிர்ச் சரிவை மனதுக்குள் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தை முழுக்கப் பார்த்து முடித்த பிறகே அடுத்த கட்டத்துக்குத் திருப்புவார்கள். காது ஒன்று அசைவது, வால் ஒன்று மினுங்குவது, அவ்வளவுதான் கிடைக்கும். பைனாகுலர் அசையாமல் நின்றால்தான் அந்த அசைவு கண்ணில் படும். நக்கிள்ஸில் ஒரு சரிவுக்கு எதிரே அரை மணித்தியாலம் இப்படி உட்கார்ந்து பாருங்கள். வெறும் பச்சை என்று நினைத்த இடத்தில் கருங்கழுகு அமர்ந்திருப்பது தெரியும், மரை ஒன்று படுத்திருப்பது தெரியும்.

எந்த நடைக்கோல் வாங்குவது? கார்பனா, அலுமினியமா?

இந்த வேலைக்கு அலுமினியம். பாறை இடுக்கில் மாட்டிப் பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் அலுமினியம் வளையும், கார்பன் முறியும். வளைந்ததை வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடலாம். இரண்டு கோலும் சேர்ந்து ஏறத்தாழ 500 கிராம், கார்பனில் ஒரு நூறு நூற்றைம்பது குறையும், அந்த இலாபம் எனக்குப் பெரிதில்லை.

கார்பனா அலுமினியமா என்பதைவிடப் பூட்டு முக்கியம். வெளியே நெம்பு வைத்து மடக்கிப் பூட்டுகிற வகையை வாங்குங்கள். திருகிப் பூட்டுகிற வகையை நான் முதலில் வாங்கி, ஓஹியாவுக்கு இறங்கும் வழியில் ஈரத்தில் அது வழுக்கி உள்ளே போய், கையைத் தேய்த்துக்கொண்டேன். கடையில் நின்ற இடத்திலேயே சோதித்துப் பாருங்கள்: பூட்டிவிட்டு உங்கள் முழு எடையையும் கைபிடியில் போட்டு அழுத்துங்கள். ஒரு மயிரிழை இறங்கினாலும் வேண்டாம். அந்தக் கோலில்தான் உங்கள் கமரா சாயப்போகிறது.

ட்ரைபொட்?

தலையோடு சேர்த்து ஒன்று, ஒன்றரைக் கிலோவுக்குள். கால்கள் தனித்தனியாக அகல விரிய வேண்டும், சரிவில் அது இல்லாமல் முடியாது. தலையின் திருகு 1/4 அங்குலமா 3/8 அங்குலமா என்று பார்த்து வாங்குங்கள், சிறிய மாற்றுத் திருகு ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள். லென்ஸ் தட்டும் பைனாகுலர் தட்டும் ஒரே ஆர்கா வகையாக (பக்கவாட்டில் தாடை இறுக்கிப் பிடிக்கிற தட்டு) இருந்தால் குளிரில் விறைத்த விரலோடு போராட வேண்டியதில்லை.

கொழும்பில் இதற்கான சாமான் எங்கே கிடைக்கும்?

டியூப், வெல்க்ரோ பட்டி, திருகு, நைலோன் கயிறு எல்லாம் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் ஒரு நடையில் முடிந்துவிடும். டியூப் துண்டு கேட்டால் சைக்கிள் திருத்துகிறவர் சும்மாவே தருவார். ட்ரைபொட்டை மட்டும் ஒன்லைனில் படம் பார்த்து வாங்காதீர்கள், கையில் எடுத்துக் கால்களை விரித்து, மேலே அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

நடக்கும்போது ட்ரைபொட் எங்கே, கோல் எங்கே?

கோல் கையில். ஏற்றத்தில் கொஞ்சம் குறுக்குங்கள், இறக்கத்தில் நீட்டுங்கள், சமதரையில் முழங்கை செங்கோணத்தில் மடங்குகிற அளவு. மணிக்கட்டுப் பட்டிக்குள் கையைக் கீழிருந்து மேலே நுழைத்து, பட்டியோடு சேர்த்துக் கைபிடியைப் பிடியுங்கள். அப்போது பாரம் பட்டியில் இறங்கும், விரல் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை.

ட்ரைபொட் பையின் பக்கவாட்டில், தலை மேலே வரும்படி. கமரா பூட்டியபடி தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். ஒரு கல் சறுக்கினால் போதும்.

காற்றில் ட்ரைபொட் ஆடுகிறதே, பையைத் தொங்கவிடலாமா?

தொங்கவிட்டால் பை ஊஞ்சலாடும், அதோடு ட்ரைபொட்டும் ஆடும். பையின் அடி தரையில் பட்டும் படாமலும் இருக்கும்படி கட்டுங்கள். ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை ஹோர்ட்டன் சமவெளியில் அடிக்கிற காற்றுக்கு அதுகூடப் போதாது, உட்கார்ந்து, உடம்பாலே காற்றை மறைத்துத்தான் எடுக்க வேண்டும். தெளிவான காலை வேண்டுமென்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை போங்கள், அதுவும் பத்து மணிக்கு முன்.

மின்னல் வந்தால்?

கோலையும் ட்ரைபொட்டையும் கீழே போட்டுவிட்டுத் திறந்த வெளியை விட்டு இறங்குங்கள். அலுமினியம் மட்டுமில்லை, கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் மலைநாட்டில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல் வழக்கம். மேலே சொன்ன மேஜர் ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கித்தான் இறந்தார். வானம் கறுத்தால் படத்தை விட்டுவிடுங்கள்.

மழை, சேறு, உப்பு. எப்படிப் பராமரிப்பது?

சிங்கராஜாவுக்குப் போய்வந்தால் கோலின் துண்டுகளை முழுக்கக் கழற்றித் துடைத்து, இரவு முழுவதும் பிரித்தபடியே காயவிடுங்கள். பூட்டுக்கு எண்ணெய் போடவே கூடாது, வழுக்கும். மன்னாரில் பூநாரை பார்க்க வங்காலைப் பக்கம் போனால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அந்த உப்பு ஒரு கிழமை இருந்தாலே ட்ரைபொட்டின் திருகுகள் கரகரக்கும். சேற்று நிலத்துக்குக் கோலின் அடியில் வட்டத் தட்டு போடுங்கள், இல்லாவிட்டால் அரை முழம் உள்ளே போகும்.

அட்டைக்கு எனக்குத் தெரிந்தது அட்டைக் காலுறைதான். ட்ரைபொட் கால் வழியாகவும் அட்டை ஏறும், கமராவை எடுக்கும்போது ஒருமுறை பாருங்கள்.

மலைக்குப் போகாமல் கொழும்பிலேயே பழகலாமா?

பழகத்தான் வேண்டும். முதல்முறை அரெங்கா குளத்தில் நின்றுகொண்டு டியூபைத் தேடினால் பறவை காத்திருக்காது. தலங்கம குளக்கரை, பெத்தகான, தியசரு, இவை எல்லாம் ஓட்டோவில் போகிற தூரம். நம்முடைய நகரம் 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது, அந்த ஈரநிலங்களில் காலை ஆறரைக்கு நீலத்தாழைக்கோழியும் நாரையும் நமக்காகவே நிற்கிற மாதிரி நிற்கும். பையிலிருந்து எடுத்து, கட்டி, முதல் படம் எடுக்க ஒரு நிமிடத்துக்குள் வரும்வரை பழகுங்கள். எனக்கு நாலைந்து ஞாயிறு பிடித்தது.

கோல் முனையால் பாதை கெடாதா?

கெடும். பாறையிலும் மரப்படியிலும் ரப்பர் மூடி போடுங்கள், சத்தமும் குறையும். ஈர மண்ணில் மட்டும் கழற்றுங்கள். பாதையை விட்டு வெளியே ட்ரைபொட் கால் வைக்கவே வேண்டாம், ஹோர்ட்டன் சமவெளியின் புல் மிதித்தால் லேசில் திரும்ப வளராது. வாசலில் பொலித்தீன் பையை வாங்கி வைப்பார்கள் என்பதால் மழைக்குக் கமராவை மூட துணி உறை கொண்டுபோங்கள்.

அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, சிவனொளிபாதமலை ஏற ஆசைப்படுகிறார். உங்கள் கோலை இரவல் தருவீர்களா?

கட்டாயம் தருவேன், என் பெரியம்மாவும் இதே சோடியோடுதான் ஏறினார். ஹற்றன் பக்கத்தால் 5,000க்கும் மேற்பட்ட படிகள், ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். டிசம்பரிலிருந்து வெசாக் வரையான பருவத்தில் சனம் நெருக்கும், ஆகவே கோலை உடம்போடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், சீமெந்துப் படிக்கு ரப்பர் மூடி போடுங்கள். உச்சியில் சூரியன் வரும் நேரம் கோல் ஒன்றின் தலையில் கைப்பேசியை டியூபால் கட்டினால் அம்மாவோடு ஒரு படம் ஆடாமல் வரும். அதற்கான இரண்டு வளையத்தை கோலிலேயே மாட்டித் தருகிறேன்.